சர்க்கரை குறையும் பிள்ளைக்குச் சர்க்கரை மாத்திரை

1. சீட்டைத் திருப்பித் தள்ளினேன்

முருகேசன் கவுன்டரில் வைத்த மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு அதை அவர் பக்கமே தள்ளிவிட்டேன்.

"இன்னா முருகேசா இது? புள்ளைய இன்னா பண்ணலாம்னு இருக்கீங்க?"

"ஏன் சிஸ்டர், ஸ்டாக் இல்லியா?"

"ஸ்டாக்கு இருக்குது. மூளைதான் யாருக்கும் இல்ல. இது சக்கரையக் கொறைக்கிற மாத்திரை. உன் பொண்ணுக்கு ஒடம்புல சக்கரை நிக்கலன்னுதான் மாசா மாசம் எங்கிட்ட சோள மாவு வாங்கினு போற. அதுக்கு இந்த மாத்திரையக் குடுத்தா இன்னா ஆவும்னு தெரியுமா?"

புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு மருந்துக் கடையில் நான் பார்மசிஸ்ட். பெயர் ஸ்டெல்லா. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போதும் கறுப்பாகத்தான் இருக்கிறது, அதற்குக் காரணம் எங்கள் கடையில் விற்கும் டை. கம்பெனி பஸ்கள் வந்து திரும்பும் இடம் என்பதால் ஷிப்ட் முடிந்தால் கடையில் கூட்டம் அள்ளும். பாதிப் பேர் என்னை 'டாக்டரம்மா' என்பார்கள். டாக்டருக்குப் படிக்கவில்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் விட்டுவிட்டேன்.

முருகேசன் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். அவர் மகள் யாழினிக்கு ஆறு வயது. அவளுக்கு இருப்பது லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத பிறவிக் கோளாறு. அப்பாவிடம் ஒரு பங்கு, அம்மாவிடம் ஒரு பங்கு, இருவருக்குமே தெரியாமல் இருந்தது இவளிடம் வந்து ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. இவள் கல்லீரலுக்குச் சர்க்கரையைச் சேர்த்து வைக்கத் தெரியும், வேண்டும்போது எடுத்துக் கொடுக்கத் தெரியாது. அதனால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பச்சைச் சோள மாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அது வயிற்றில் மெதுவாகக் கரைந்து சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். நேரம் தவறினால் பிள்ளை சுருண்டுவிடும்.

இது பாதித் தொல்லை. மீதித் தொல்லை வெள்ளை அணு. கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு அவள் ரத்தத்தில் பேருக்குத்தான் இருந்தது. அதனால் வாய் முழுக்கப் புண். ஆறும், அடுத்த வாரமே திரும்ப வரும். கஞ்சியைக்கூடக் கண்ணீர் விட்டுக்கொண்டுதான் விழுங்குவாள். காய்ச்சல் வந்தால் சென்னையில் ஆஸ்பத்திரிவாசம். பள்ளிக்கூடத்தில் அவள் இருந்த நாளைவிட வார்டில் இருந்த நாள் அதிகம்.

அப்படிப்பட்ட பிள்ளைக்கு இப்படி ஒரு சீட்டு என்றால் எனக்குக் கோபம் வராதா?

முருகேசன் பொறுமையாகச் சொன்னார். "சிஸ்டர், பாய்லர்ல தண்ணி கொதிக்கக் கொதிக்க உப்பு உள்ளயே நின்னுபூடும். அப்டியே உட்டா டியூப்பு காலி. அதுக்கோசரம் அப்பப்ப கீழ வால்வத் தொறந்து கொஞ்சம் தண்ணிய வெளிய உடுவோம். ப்ளோடவுன்னு பேரு. கூடவே நல்ல தண்ணியும் போவும். போனா இன்னா, இந்தப் பக்கம் புதுத் தண்ணி ஏத்திக்குவோம். அதே மேரிதான் இதுவும்."

"உன் பொண்ணு இன்னா பாய்லரா?"

"கத்துறப்ப அப்டித்தான் இருக்கும்," என்றார் அந்த மனிதர்.

சீட்டில் இருந்த எண்ணுக்கு நானே போன் செய்தேன். எழுதிய டாக்டரம்மா எடுத்தார். திட்டுவார் என்று பயந்தேன். சந்தோஷப்பட்டார்.

"கேட்டீங்களே, ரொம்ப நல்லது மேடம். எல்லாரும் கேட்கணும். சர்க்கரை மாதிரியே ஒரு பொருள் எல்லார் ரத்தத்துலயும் கொஞ்சம் சுத்திட்டிருக்கு. நமக்கு அதால தொந்தரவு இல்ல. இந்தக் குழந்தையோட வெள்ளை அணுவுக்கு அதைச் சமாளிக்கத் தெரியல. உள்ளயே தேங்கி அணுவைக் கெடுத்துடுது. இந்த மாத்திரை போட்டா கிட்னி வழியா கொஞ்சம் சர்க்கரை யூரின்ல வெளிய போகும். அதோட சேர்ந்து அந்தப் பொருளும் போயிடும். வெள்ளை அணு பிழைச்சுக்கும். வார்டுல வெச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்பியிருக்கோம். சோள மாவு மட்டும் ஒரு வேளைகூட தவறக் கூடாது."

முருகேசன் சொன்ன அதே கதை, பாய்லர் இல்லாமல். மாத்திரையை எடுத்தேன். பத்து மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அப்போது உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி பஷீர் பாய் அட்டையை எட்டிப் பார்த்தார். பழவேற்காட்டுக்காரர். சர்க்கரை நோயில் என் சர்வீஸைவிடப் பெரிய சர்வீஸ் அவருக்கு.

"அட, இது நம்ம மாத்திரையாச்சே! நானும் இத்தான போட்டுக்கினு இருக்கேன். பாப்பாவும் நம்ம கட்சியா? வா பங்காளி!" என்று, அப்பாவின் பின்னால் நின்றிருந்த யாழினிக்குக் கை கொடுத்தார். அவளும் பெருமையாகக் குலுக்கினாள்.

"பாய், இது வேற விஷயம். கிட்னியில..." என்று ஆரம்பித்தேன். உடம்பின் உள்ளே இருக்கும் எந்த உறுப்பின் பேரைக் கேட்டாலும் பாய்க்குக் கொட்டாவி வரும். வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

2. ஊசி ஆன்ட்டி

மாத்திரைக்கு முன்னால் மூன்று வருடம் ஊசிதான். வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசி. யாழினியின் அம்மா சரளா ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு வந்து தானே போடுவாள். அதைக் குளிரில் வைக்க வேண்டும், உறையவும் விடக் கூடாது. அவர்கள் வீட்டில் கரன்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால் எங்கள் கடை ஃபிரிட்ஜில் இன்சுலின் பக்கத்தில் இருக்கும். தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வந்து வாங்கிப் போவார்கள். நான் ஒரு ஊசிகூடப் போட்டதில்லை. ஆனால் என் கையிலிருந்து போவதால் யாழினி எனக்கு வைத்த பேர் 'ஊசி ஆன்ட்டி'. கடையைத் தாண்டும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு போவாள். ஒரு நாள் அப்படிப் போய் நிறுத்தி வைத்திருந்த ஷேர் ஆட்டோவில் முட்டிக்கொண்டாள். அதற்கும் நான்தான் காரணம் என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பாய் தன் மச்சான் கொடுத்தனுப்பிய இறாலைக் கொண்டுவந்து அந்த ஊசிக்கு மேலே வைத்துவிட்டார். ஐஸ் உருகி ஊசி டப்பா மேல் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் இறால் பையைத் தூக்கி வெளி பெஞ்சில் வைத்தேன்.

"இன்னாம்மா ஸ்டெல்லா, ஒரு கிலோ இறாலுக்கு இவ்ளோ பேஜாரு பண்ற?"

"இன்னொரு தபா இந்த ஃபிரிட்ஜுல மீன் வாட அடிச்சுது, நான் ஊட்டுக்குப் போயிடுவேன் பாய்."

நாங்கள் சண்டை போட்டு முடிப்பதற்குள் பூனை வந்து பையைக் காலி செய்துவிட்டது. பாய் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் இறாலும் வரவில்லை.

ஊசி வேலை செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் போட்ட நாளெல்லாம் கால் எலும்பு வலிக்கிறது என்று பிள்ளை அழும். மண்ணீரல் வேறு வீங்க ஆரம்பித்தது. வெள்ளை அணு எண்ணிக்கையும் ஏறும், இறங்கும். அதனால்தான் இந்த மாத்திரைக்கு வந்தார்கள். இது பலித்தால் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம். பலிக்காவிட்டால் திரும்ப ஊசி, புண், வார்டு. முருகேசன் குடும்பம் மொத்தமும் அந்தக் கால் மாத்திரையை நம்பித்தான் இருந்தது.

3. எறும்பு

இரண்டு வாரம் கழித்து ராஜேஸ்வரி கடைக்கு வந்து எறும்பு சாக்பீஸ் கேட்டாள்.

ராஜேஸ்வரி முருகேசன் குடியிருந்த லைன் வீட்டுக்குச் சொந்தக்காரி. எல்லாரும் 'ஓனரம்மா' என்பார்கள். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வரிசையாக அஞ்சு குடித்தனம், கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாத்ரூம். சரளா பாக்கிங் கம்பெனிக்குப் போய்விடுவதால் யாழினியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் ஓனரம்மாதான். நல்ல மனசு. ஆனால் எந்த விஷயத்தையும் பாதி கேட்டால் போதும், மீதியை அவளே முடித்துக்கொள்வாள்.

"பாத்ரூம்ல ஒரே எறும்பு ஸ்டெல்லாம்மா. எவனுக்கோ சக்கரை வந்துக்கீது. எங்க ஊட்டுக்காரருக்கும் இப்டித்தான் மொதல்ல எறும்பு வந்திச்சு, அப்பாலதான் டாக்டரு சொன்னாரு. எவன்னு கண்டுபுடிக்காம உட மாட்டேன்."

எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். கடையில் கூட்டம். சாக்பீஸைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஓனரம்மா துப்பு துலக்க ஆரம்பித்தாள். காலையில் துணி துவைக்கிற சாக்கில் கல்லில் உட்கார்ந்துகொண்டு, யார் போகிறார்கள், போய் வந்த பிறகு எறும்பு வருகிறதா என்று பார்ப்பாளாம். முதலில் சந்தேகப்பட்டது கடைசி வீட்டு வெல்டர் பையனை.

"நைனா, ஒனுக்கு சக்கரை கிக்கரை இருக்குதா? மறைக்காத."

பையன் பதறிப்போய் எங்கள் கடைக்கு ஓடி வந்து விரலை நீட்டினான். பார்த்தோம், ஒன்றும் இல்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் புருஷன் பெஞ்சாதி. அதற்கடுத்த நாள் மொத்த லைனும் வந்து நின்றது. பஷீர் பாய்க்கு ஒரே குஷி. மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்க வாங்க, வரிசையா வாங்க," என்று ரேஷன் கடை மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் சர்க்கரை இல்லை. எறும்பு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் ஓனரம்மா கண்டுபிடித்துவிட்டாள். யாழினி!

கண்டுபிடித்தவள் சரளாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஏன் தெரியுமா? பெண் பிள்ளையாம். நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது 'சக்கரைக்காரப் பொண்ணு' என்று பேர் வந்துவிடக் கூடாதாம். ஆறு வயதுப் பிள்ளையின் கல்யாணத்துக்காக அவள் வாயைப் பூட்டிக்கொண்டு, ரகசியமாகப் பஷீர் பாயிடம் மட்டும் வந்து கேட்டிருக்கிறாள். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம்.

பாய் கண்ணடித்தாராம். "எனுக்கு முன்னாடியே தெரியும். நம்ம பங்காளிதான. நான் போடற மாத்திரையத்தான் அதுவும் போடுது."

"அப்ப பத்தியம்?"

"மாவு ஆவாது. இனிப்பு தொடக் கூடாது. பாவக்கா ஜூஸ் குடு, நல்லது."

இதில் வேடிக்கை என்னவென்றால், பாய் தன் வாழ்க்கையில் பாகற்காயைத் தொட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது அவர் சட்டைப் பையில் ஜிலேபி எண்ணெய் கசியும்.

4. குளுக்கோஸ் சண்டை

மறுநாள் பதினொன்றரை மணி இருக்கும். பள்ளிக்கூடத்து ஆயா யாழினியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். பிள்ளைக்கு முகமெல்லாம் வேர்வை. கண் சொருகவில்லை, ஆனால் ஆள் ஆளாக இல்லை. எப்போதும் என்னைப் பார்த்தால் முறைப்பவள் முறைக்கக்கூட இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு விபரீதம் புரிந்தது.

"மாவுத் தண்ணி பாட்டிலத் தொறந்து ஒரு வாய் குடிச்சிது, தூன்னு துப்பிடுச்சு டாக்டரம்மா. கசக்குதாம். பையில குளுக்கோஸ் பாக்கெட் எப்பவும் இருக்கும், இன்னிக்கி அதையும் காணோம். டீச்சரு ஒங்ககிட்ட ஓடச் சொல்லிச்சு."

பாட்டிலை மோந்து பார்த்தேன். பாகற்காய்!

யார், எப்படி என்று விசாரிக்க நேரமில்லை. விரலில் குத்தினேன். மீட்டர் நாற்பத்தெட்டு காட்டியது. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது. ரேக்கில் இருந்து குளுக்கோஸ் பவுடரை எடுத்துக் கலக்கி வாயருகே கொண்டுபோனேன். அந்த நேரம் பார்த்து டீ குடித்துவிட்டு உள்ளே நுழைந்தார் பஷீர் பாய்.

"ஐயையோ ஸ்டெல்லா! சக்கரைக்காரப் புள்ளைக்கு குளுக்கோஸா குடுக்கிற!" என்று டம்ளரின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பாய், கைய எடுங்க!"

"எடுக்க மாட்டேன்! புள்ளைக்கு இன்னா ஒண்ணு ஆச்சுன்னா?"

"நீங்க கைய எடுக்கலன்னாதான் ஆவும்!"

அவர் அந்தப் பக்கம் இழுக்க, நான் இந்தப் பக்கம் இழுக்க, பாதி குளுக்கோஸ் கவுன்டரில், மீதி பாய் வேட்டியில். ஆயா நடுவில் நின்றுகொண்டு "கர்த்தரே, கர்த்தரே" என்கிறாள். நான் மீட்டரை எடுத்துப் பாய் மூக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"கண்ணத் தொறந்து பாருங்க. நாப்பத்தெட்டு!"

பாய் பார்த்தார். அவர் ஆயுளில் அப்படி ஒரு எண்ணைப் பார்த்ததில்லை. டம்ளரை விட்டார். அவரே இன்னொரு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக் கொடுத்தார்.

கலக்கிக் கொடுத்தேன். குடித்தாள். சென்னை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார். மீட்டரில் எண் ஏறியிருந்தது. பின்னால் சோள மாவையும் கலக்கிக் கொடுத்தேன். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் வேலையாக என்னை முறைத்தாள். எனக்கு உயிர் வந்தது. பத்திரத்துக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரச் சொல்லிவிட்டார்கள்.

பாய்க்கு மட்டும் மனசு ஆறவில்லை. "மீட்டரு கோளாறா இருக்கப் போவுது," என்று தன் விரலையே குத்திப் பார்த்தார். இருநூற்று எண்பத்தாறு.

"மீட்டரு நல்லாதான் இருக்குது பாய். நேத்து இன்னா சாப்ட்டீங்க?"

பாய் சாலையைப் பார்த்தார். யாழினி கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டாள். "பாய் தாத்தா, ஒனுக்கு இரநூத்தி எம்பத்தாறா?"

"ஆமாம்மா."

"எனுக்கு நாப்பத்தெட்டுதான். நீதான் ஜெயிச்ச."

சிரிப்பை அடக்க முடியாமல் நான் ரேக் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குள் செய்தி கேட்டு ஓனரம்மா தலைமுடி அவிழ ஓடி வந்தாள். மாவுத் தண்ணியைக் கொட்டிவிட்டுப் பாகற்காய் ஜூஸை ஊற்றி, குளுக்கோஸையும் எடுத்து ஒளித்தது அவள்தான். நான் வைத்த வசவில் ரோட்டில் போன ஷேர் ஆட்டோகூட வேகம் குறைத்தது. அவள் அழுதுவிட்டாள். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று அழுதாள். அழுகிறவளை எத்தனை நேரம் திட்டுவது? உட்கார வைத்துச் சொன்னேன்.

"இத பாரு ஓனரம்மா. அந்தப் புள்ளைக்கு சக்கரை வியாதி இல்ல. மாத்திரை வேல செய்யிறதாலதான் மூத்திரத்துல சக்கரை போவுது. எறும்பு வந்துதுன்னா மாத்திரை சரியா உள்ள போவுதுன்னு அர்த்தம். எறும்பு நமக்கு நல்ல சேதி."

ஓனரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். "அப்ப சாக்பீஸ் போடக் கூடாதா?"

"போடாத."

5. எறும்பைக் காணோம்

அன்று முதல் ஓனரம்மா எறும்பு இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டாள். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேராகக் கடைக்கு வருவாள். கூட்டம் இருந்தாலும் கவலையில்லை, ரோட்டிலிருந்தே சத்தம். "ஸ்டெல்லாம்மா, இன்னிக்கி ஜாஸ்தி!" வாடிக்கையாளர்கள் என்னவோ ஏதோ என்று பார்ப்பார்கள். ஒரு கம்பெனி சூப்பர்வைசர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "இன்னா மேடம், ஷேர் மார்க்கெட்டா?" என்று கேட்டார்.

ஊசியைக் குறைக்க ஆரம்பித்திருந்தார்கள். புண்ணும் முன்னைவிடக் குறைவு என்றாள் சரளா. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஒரு காலை ஓனரம்மா சத்தம் போடாமல் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எறும்பக் காணோம்."

"மழ பேஞ்சுதில்ல, அதான்," என்றார் பாய்.

"மழ நின்னு ரெண்டு நாளு ஆவுது. நேத்தும் வரல. இன்னிக்கும் வரல."

சாயங்காலம் முருகேசனையும் சரளாவையும் பிள்ளையோடு வரச் சொன்னேன். மூத்திரத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை நனைத்துப் பார்த்தோம். நிறம் மாறவே இல்லை. ஒரு துளி சர்க்கரை இல்லை. அப்படியென்றால் மாத்திரை உள்ளே போகவில்லை. மாத்திரை போகாவிட்டால் வெள்ளை அணு திரும்ப விழும். ஊசியையும் குறைத்துவிட்ட நேரம்.

"நான் வேளா வேளைக்கு என் கையாலதான் குடுக்கிறேங்கா," என்றாள் சரளா.

"அப்ப மாத்திரையே சரியில்ல," என்றார் முருகேசன். "பேட்ச் கோளாறு. எங்க கம்பெனியில கெமிக்கலு இப்டித்தான் ஒரு தபா..."

பாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் கடை மாத்திரை டூப்ளிகேட்டா? இத்தினி வருஷத்துல எவனாவது ஒரு சொல்லு சொல்லியிருப்பானா? அதே டப்பால இருந்துதான் நானும் போடறேன். இப்பவே ப்ரூஃப் பண்றேன்!" என்று ஒரு ஸ்ட்ரிப்பைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். வெற்றியோடு திரும்பி வந்தார். ஸ்ட்ரிப் கரும்பழுப்பாக மாறியிருந்தது. "பாத்துக்கோ! மாத்திரை வேல செய்யிது!"

"பாய், நீங்க மாத்திரையே போடலன்னாலும் அப்டித்தான் வரும்," என்றேன்.

பாய் ஸ்ட்ரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாக அதைக் குப்பைக் கூடையில் போட்டார்.

ஓனரம்மா சரளாவைச் சந்தேகப்பட, சரளா ஓனரம்மாவின் சாக்பீஸைச் சந்தேகப்பட, முருகேசன் பேட்ச் எண்ணைத் தேட, பாய் வேட்டியை மடித்துக் கட்ட, கடை சந்தைக்கடையாகிவிட்டது. நடுவில் யாழினி ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் சண்டை போடும்போது ஒரு பிள்ளை இத்தனை அமைதியாக இருந்தால் சும்மா இல்லை. நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"யாழினி, அம்மா குடுக்கிற மாத்திரைய இன்னா பண்ற?"

அவள் பாயைப் பார்த்தாள். பிறகு புத்தகப் பையைத் திறந்து பென்சில் டப்பாவை எடுத்து, ரப்பர் வைக்கிற இடத்தில் இருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். எச்சில் பட்டு நமுத்துப்போன கால் கால் மாத்திரைகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.

"பாய் தாத்தாவுக்கு எடுத்து வெச்சேன்," என்றாள். "அவுருக்கு இரநூத்தி எம்பத்தாறு. எனுக்கு நாப்பத்தெட்டு. அவுருக்குதான நெறிய வோணும்? சேந்தப்பறம் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

சரளா அடிக்கக் கை ஓங்கினாள், அந்தக் கை பாதியில் நின்றுவிட்டது. பாய் அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

"எம்மா, எனுக்கு மாத்திரை பத்தாம இல்லம்மா. நான்தான் ஜிலேபி துன்றேன்."

"அப்ப துன்னாத."

"செரி."

"சத்தியமா?"

"அல்லா மேல சத்தியமா."

சென்னைக்குப் போன் செய்து சொன்னேன். டாக்டரம்மா முதலில் பயந்தார், பிறகு சிரித்தார், பிறகு தொண்டையைச் சரி செய்துகொண்டு, நிறுத்தியதை அதே அளவில் தொடரச் சொல்லி, சீக்கிரமே ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்.

6. ஆ காட்டு

இப்போது கவுன்டர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். சீட்டு தப்பாகத் தெரிந்தால் வெட்கப்படாமல் போன் செய்து கேளுங்கள். மாத்திரை எதற்கு என்று சீட்டில் பேர் உள்ளவருக்கு மட்டும் சொன்னால் போதாது. வீட்டு ஓனருக்கும் சொல்லுங்கள், கொட்டாவி விட்டாலும் முதலாளிக்கும் சொல்லுங்கள், முக்கியமாக அதை விழுங்கப்போகும் ஆளுக்குச் சொல்லுங்கள், அந்த ஆளுக்கு ஆறு வயதாக இருந்தாலும். நாங்கள் ஊருக்கெல்லாம் விளக்கினோம். யாழினியை உட்கார வைத்து, 'இது உன் வெள்ளை அணுவுக்கு, உன் வாய்ப்புண்ணுக்கு' என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு சாயங்காலம்தான் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். "இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?" என்று என்னைக் கேட்டாள்.

அதற்காக அவளை அப்படியே நம்பிவிட முடியுமா? புது ஏற்பாடு செய்தோம். பள்ளிக்கூடம் போகும் வழியில் பங்காளிகள் இருவரும் கடையில் வைத்து எதிரும் புதிருமாக மாத்திரை போட வேண்டும். போட்டதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். மாலை வேளைக்குச் சரளா பொறுப்பு. பாய் வாயை யாழினி பார்ப்பாள். நாக்கைத் தூக்கச் சொல்லி, பல் சந்தில் ஜிலேபி இருக்கிறதா என்று வேறு பார்ப்பாள். அவள் வாயைப் பார்ப்பது என் வேலை. அவள் கெட்டிக்காரி என்பதால் நான் டார்ச் வைத்துக்கொண்டேன்.

சில வாரம் இப்படிப் போனது. தினமும் கூட்ட நேரத்தில் அவசர அவசரமாகப் பார்ப்பேன். என் கண் தேடியது மாத்திரையை மட்டும்தான். ஒரு நாள் காலை கடை காலியாக இருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை என்று சரளா கவலையோடு நின்றுகொண்டிருந்தாள். நான் டார்ச்சை அடித்தேன்.

"ஆ காட்டு. நாக்கத் தூக்கு. இந்தப் பக்கம்."

கன்னத்தின் உள்பக்கம், ஈறு, நாக்கின் அடி, மேல் அண்ணம், ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். மாத்திரை இல்லை. புண்ணும் இல்லை. திரும்ப ஒரு முறை பார்த்தேன். பழைய புண்ணின் வெள்ளைத் தழும்புகூட இல்லை. மூன்று வருடமாக ரணமாகவே பார்த்த வாய், சின்னக் குழந்தை வாய் மாதிரி ரோஜா நிறத்தில் சுத்தமாக இருந்தது. சரளாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆய்வகத்தின் எண் மத்தியானம்தான் வந்தது, நன்றாகவே வந்தது. ஆனால் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கையில் டார்ச் எரிய, கவுன்டரில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

யாழினி வாயை மூடிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா ஆன்ட்டி, மாத்திர கெடைக்கலன்னா அழுவுற? நெஜமா முழுங்கிட்டேன்."